நாற்பத்தேழாம் மூச்சு

"திருடன் ரொம்ப நல்லவன் சார்" என்றாள் முனிலட்சுமி. "வேணுங்கறதை எடுத்துக்கினு மிச்சத்தை அடுக்கிக் கட்டி வெச்சுட்டுப் போயிருக்கான். எங்க வூட்டுக்காரரு கழட்டின சட்டையைக் கூட இப்படி வெச்சதில்ல."

துப்பறிவாளர் அழகர்சாமி மேசைமேல் கிடந்த கோப்புக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மதுரைப் பக்கத்திலிருந்து ஓசூர் ஃபேக்டரி ஒன்றுக்குக் காவல் அதிகாரியாக வந்து, வேலையை விட்டு, பஸ் ஸ்டாண்டு எதிரே சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டு எட்டு வருஷம் ஆகிறது. முனிலட்சுமி அந்த ஃபேக்டரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள், இப்போது அவருக்கு உதவியாள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், ஆபீசில் தமிழ். மூன்றிலும் ஒரே அளவுக்கு வாயாடுவாள்.

அவர்கள் நின்றிருந்தது சூளகிரியில், பேரிகை ரோட்டில், உரக்கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை. டாக்டர் ஜெயமணி அதை வாடகைக்கு எடுத்து இரண்டு வருஷமாக ஆராய்ச்சி செய்துவந்தார். வெள்ளைக்கல்லை அரைத்து மாவாக்கும் மில் ஒன்று நாலு மைல் தள்ளி இருந்தது. அங்கே வேலை செய்கிறவர்களின் நுரையீரல் எவ்வளவு காற்றைத் தாங்குகிறது என்று அளப்பதுதான் ஆராய்ச்சி. அதற்கான யந்திரம் அறை மூலையில், பழைய வால்வு ரேடியோ அளவில் உட்கார்ந்திருந்தது. ஊர்க்காரர்கள் அதை 'ஊதற பொட்டி' என்றார்கள். மூச்சை நிறைய இழுத்து, ரப்பர் குழாயில் வாய் வைத்து, உள்ளே இருப்பதை எல்லாம் ஊதித் தீர்த்தால், பேனா முள் ஒரு தாளில் கோடு போடும். நல்ல நுரையீரல் என்றால் கோடு மலை மாதிரி ஏறும்.

ஐம்பத்தெட்டு ஆட்கள் ஊதியிருந்தார்கள். ஐம்பத்தெட்டு தாள்கள் கோப்பில் இருந்திருக்க வேண்டும். நாற்பத்தேழாம் தாளைக் காணவில்லை.

"நாளைக்குப் பத்தரை மணிக்குக் கிருஷ்ணகிரியில லேபர் ஆபீசர் முன்னால விசாரணை" என்றார் டாக்டர் ஜெயமணி. நாற்பது வயது இருக்கும். ராத்திரி தூங்காத கண். "ஒன்பது பேர் இப்ப நடக்கவே முடியாம இருக்காங்க சார். தூசி பறக்காம தண்ணி விட்டு அரைக்கணும், வைத்தியம் பாக்கணும்னு மில்லுக்கு உத்தரவு போடச் சொல்லிக் கேட்டிருக்கோம். நாளையோட விசாரணை முடியுது. ஆதாரம் இல்லன்னா கோப்பை மூடிடுவாங்க."

"மிச்சம் ஐம்பத்தேழு தாள் இருக்கேம்மா?"

"அந்த ஐம்பத்தேழு பேரும் பீடி குடிக்கிறவங்க. பீடியால கெட்ட நுரையீரல், கல்லால இல்லன்னு மில் வக்கீல் சொல்றார். நாற்பத்தேழு கரியப்பனோடது. தர்மராஜா கோயில்ல வருஷா வருஷம் தீ மிதிக்கிற ஆள். பீடி, சாராயம் எதையும் தொட்டதில்ல. அவர் நுரையீரலும் அதே மாதிரி கெட்டிருந்தது. போன வருஷம் செத்துட்டார். வக்கீல் வாயை அடைக்க எங்கிட்ட இருந்தது அந்த ஒரு தாள்தான்."

"அதுல உள்ளத நோட்டுல எழுதி வைக்கலையா?"

"எழுதியிருக்கேன். கைநாட்டு வெச்ச அசல் தாள்தான் செல்லும்னு அதிகாரி கண்டிப்பாச் சொல்லிட்டார்."

முனிலட்சுமி பெருமூச்சு விட்டாள். "அப்ப வேற என்ன சார். மில் முதலாளி திம்மப்பன் ஆள் விட்டு எடுத்திருப்பாரு. போய்க் கேட்டா 'ஆமாங்க, நான்தான்'னு சொல்லிட்டுக் காப்பி குடுப்பாரு. கேசு முடிஞ்சுது."

"திம்மப்பன் எடுத்திருந்தா ஐம்பத்தெட்டையும் அடுப்புல வச்சிருப்பார்" என்றார் அழகர்சாமி. "அம்மா, எந்த நம்பர் யாருதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

டாக்டர் கோப்பின் முதல் பக்கத்தைக் காட்டினார். பெயர், எதிரே எண். எழுதப் படிக்கத் தெரிந்த எவனும் அரை நிமிஷத்தில் நாற்பத்தேழுக்குப் போய்விடலாம்.

அழகர்சாமி தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தார். முதல் தாளின் மேல் மூலையில் வெள்ளையாக ஒரு விரல் தடம், கோலமாவு ஒட்டியதுபோல. இரண்டாவதிலும் இருந்தது. பத்தாவதிலும், முப்பதாவதிலும். நாற்பத்தாறுவரை இருந்தது. நாற்பத்தெட்டிலிருந்து ஒரு தாளிலும் இல்லை.

"பாத்தியா லட்சுமி. வந்த ஆளுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு தாளாப் புரட்டியிருக்கு. தேடினது கிடைச்சதும் நிறுத்தியிருக்கு. கையில வெள்ளைக்கல் மாவு."

"படிக்கத் தெரியாதவங்க எந்தத் தாள் யாருதுன்னு எப்படி சார் கண்டாங்க? எல்லாத்துலயும் ஒரே மாதிரி கோடுதான் கீது."

"கைநாட்டு" என்றார் டாக்டர் மெதுவாக. "கரியப்பனுக்கு வலது கட்டைவிரல்ல மேல் பாதி கிடையாது. கல் உடைக்கிற மெஷின்ல போயிடுச்சு. மத்த விரலை வைக்கச் சொன்னேன். 'இதுதாம்மா என் கையெழுத்து'ன்னு அந்தப் பாதி விரலையே வெச்சார். பாதி நிலா மாதிரி இருக்கும்."

"அந்த விரலை நல்லாத் தெரிஞ்ச ஆள்" என்றார் அழகர்சாமி.

கோப்பைக் கட்டியிருந்த நாடாவையும் அவர் அவிழ்க்காமலே வைத்திருக்கச் சொல்லியிருந்தார். டாக்டர் தாள்களைப் பக்கவாட்டில்தான் உருவி எடுத்திருந்தார். பூ மாதிரி சுருக்குப் போடுவது டாக்டரின் வழக்கம். இது வேறு விதமான முடிச்சு. இரண்டு சுற்று சுற்றி, வாலை உள்ளே கொடுத்து இறுக்கியிருந்தது. அழகர்சாமி நகத்தால் நெண்டிப் பார்த்தார். அசையவில்லை. முனிலட்சுமி அவர் கையைத் தள்ளிவிட்டு வாலைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். முடிச்சு மொத்தமும் அவிழ்ந்து விழுந்தது.

"ராகி மூட்டை கட்டுறவங்க இப்படித்தான் சார் போடுவாங்க. குலுக்கினாலும் அவிழாது, இழுத்தா நிக்காது. எங்கம்மா போடுவாங்க. நீங்கெல்லாம் ரேசன் பையில அரிசி வாங்கின ஆளுங்க, உங்களுக்கு எங்க தெரியும்."

வாசலில் ராமப்பன் நின்றிருந்தார். அறையைக் கூட்டி, பூட்டிச் சாவி வைத்திருக்கும் ஆள். அறுபது வயது. பூட்டு உடையவில்லை.

"யாராச்சும் வந்தாங்களாய்யா?" என்று கேட்டார் அழகர்சாமி.

"யாரும் வரலீங்க" என்றார் ராமப்பன், தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு.

அழகர்சாமி மேலே கேட்கவில்லை. பயத்தில் மறைக்கிறவன் நிறையப் பேசுவான், யார்மேலாவது கையைக் காட்டுவான் என்பது அவர் அனுபவம். இரக்கப்பட்டு மறைக்கிறவன் இப்படித்தான் தரையைப் பார்ப்பான். அந்த இரக்கத்தை மிதித்துக்கொண்டு உள்ளே போக அவருக்கு மனம் வரவில்லை. வேறு வழி இருந்தால் அதில் போகலாம்.

●

மில்லுக்குக் கால் மைல் தூரத்திலேயே புளியமரத்து இலைகள் வெளுத்துக் கிடந்தன. ஸ்கூட்டரின் பின்சீட்டில் இருந்த முனிலட்சுமி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். முதலாளி திம்மப்பன் வெளியே வந்து கும்பிட்டு வரவேற்றார். மரியாதையான மனிதர். நாற்காலி போட்டு, இளநீருக்கு ஆள் அனுப்பினார்.

"தாள் காணோமா? ஐயோ பாவம். எனக்கு எதுக்குங்க அது? செத்த மனுஷன் தாளு."

"மூட்டை கட்டுறவங்களைக் கொஞ்சம் பாக்கணும்" என்றார் அழகர்சாமி.

"பாருங்க, தாராளமா. மூட்டை கட்டுறது, தைக்கிறது, தூக்குறது எல்லாம் நம்ம ஆம்பளைப் பசங்கதான்."

கொட்டகை ஓரமாக மாவு மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அழகர்சாமி அருகே போய் ஒரு மூட்டையின் வாயில் தொங்கிய வாலைப் பிடித்து இழுத்தார். முடிச்சு அவிழ்ந்து வெள்ளை மாவு அவர் செருப்பு மேல் கொட்டியது.

"மன்னிச்சுக்கங்க. இதைக் கட்டினது யாரு?"

திம்மப்பன் ஒரு ஆளைக் கூப்பிட்டார். அவன் வந்து மூட்டையைத் திரும்பக் கட்டினான். சாதாரண முடிச்சு, அதுவும் இரண்டு தரம் நழுவியது. முனிலட்சுமி அதைப் பார்க்கவே இல்லை. கொட்டகைக்கு வெளியே வேப்பமரக் கிளையில் தொங்கிய தூக்குச்சட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மொத்தம் இருபத்து மூணு சட்டி சார். இந்தக் கொட்டகையில ஆம்பளை ஆளு பதினாலு. உங்க பசங்க ஆளுக்கு ஒன்றரைச் சட்டி சாப்பிடுவாங்களா முதலாளி?"

"பசிக்கிற வயசும்மா."

"சரி. அதுல ஒரு சட்டிக் காதுல கனகாம்பரம் சுத்தியிருக்குது. அந்தப் பையன் எப்பவும் பூ வெச்சுக்குவானா, வெள்ளிக்கிழமை மட்டுமா?"

திம்மப்பனின் சிரிப்பு உதட்டில் நின்றது, கண்ணிலிருந்து போய்விட்டது. பதிவேட்டில் பெண்கள் பெயர் ஒன்றுகூட இல்லை என்றார். அது உண்மைதான். பெண்கள் ஒரு மேஸ்திரி கூலிக்கு அழைத்து வந்த ஆட்கள். வெளியாள் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து பின்பக்கம் போய்விட வேண்டும் என்பது அவர்களுக்கு இட்ட கட்டளை.

கல் குவியலுக்குப் பின்னால் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஒன்பது பெண்கள். புருவத்திலும் இமை மயிரிலும் மாவு படிந்து, எல்லோருக்கும் ஒரே வயது போலிருந்தது. முனிலட்சுமி முதலில் தெலுங்கில் கேட்டாள், யாரும் பேசவில்லை. கன்னடத்தில் கேட்டாள், ஒருத்தி இருமினாள்.

"இன்னும் என்கிட்ட தமிழ் ஒண்ணுதான் பாக்கி" என்றாள் முனிலட்சுமி. "கரியப்பன் சம்சாரம் யாரும்மா?"

இருமியவளே எழுந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். உயரமில்லாத, ஒடிசலான பெண்.

"நான்தான்க்கா. நஞ்சம்மா. ராமப்பண்ணனை வையாதீங்க. அவுரு குடுக்கல. நான் இருமறேன்னு சுடுதண்ணி கொண்டாரப் போனாரு. அப்பத்தான் எடுத்தேன்."

●

பேரிகைப் பக்கம் திரும்பும் வண்டிப்பாதையில் ஒரு கல்பாலத்தின்மேல் உட்கார்ந்து பேசினார்கள். நஞ்சம்மா பாதி வாக்கியத்தில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். அழகர்சாமி அவசரப்படுத்தவில்லை.

"தாள் எங்கம்மா இருக்கு?"

"ஆத்துல வுட்டுட்டேன் சார்."



"எந்த ஆத்துல?"

"பாகலூராண்ட, தென்பெண்ணையில. ஞாயித்துக்கிழமை. அன்னிக்குத்தான் அவுரு போய் வருஷம் முடிஞ்சுது." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மாவு போகவில்லை, ஈரத்தில் குழைந்தது. "பெங்களூர் ஆசுபத்திரிக்கு மில்லு வண்டியிலதான் கொண்டுபோனாங்க. ரெண்டு நாளு கழிச்சுத்தான் எனக்குச் சேதி வந்துச்சு. நான் பஸ் புடிச்சுப் போறதுக்குள்ள அங்கியே எரிச்சுட்டாங்க. சாம்பல் கேட்டேன். எது யாருதுன்னு தெரியாதுன்னுட்டாங்க. சீக்கு ஒட்டும்னு வூட்ல இருந்த துணியெல்லாம் மேஸ்திரி எரிக்க வெச்சாரு. ஒரு போட்டோ இல்ல. கருமாதிக்கு ஆத்துல வுட என்ன இருக்குதுன்னு பெரியவங்க கேட்டாங்க. கையில ஒண்ணும் இல்ல சார். தர்ப்பைப் புல்லுல ஒரு பொம்மை கட்டி வுட்டாங்க. அது அவுரா? பதினாலு வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரியாதா?"

"அதுக்கு இந்தத் தாள் எப்படிம்மா?"

"ஊதிட்டு வந்த அன்னிக்கு வூட்டுல சொன்னாரு. 'டாக்டரம்மா கிட்ட அந்தக் கோடு இன்னான்னு கேட்டேன். இது உன் மூச்சு கரியப்பா, பத்திரமா வெச்சுக்கிறேன்னு சொல்லிச்சு'ன்னாரு. நெனச்சு நெனச்சு சிரிச்சாரு. 'பாரு, என் மூச்சு பொட்டியில பத்திரமா கீது. எனக்கு ஒண்ணும் ஆவாது'ன்னாரு." நஞ்சம்மா நிறுத்தினாள். மூன்று தரம் மூச்சு வாங்கினாள். "அவுருதுன்னு இந்த ஒலகத்துல அது ஒண்ணுதான் சார் மிச்சம். அந்த வெரலைப் பாத்ததும் அடையாளம் தெரிஞ்சுது. மஞ்சள்ல நனைச்சு, வெத்தலை வெச்சு வுட்டேன். கொஞ்ச தூரம் மெதந்துதான் போச்சு."

ரோட்டில் ஒரு கல் லாரி போயிற்று. அதன் தூசி அடங்குகிறவரை மூவரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

"தப்பா சார்? அந்தம்மாவுக்கு அது எதுக்காச்சும் வேணுமா? ஒரு தாளுதானேன்னு எடுத்துட்டேன்."

இருபது வருஷத்தில் அழகர்சாமி எத்தனையோ திருடர்களைப் பிடித்திருக்கிறார். பிடித்த பிறகு ஒரு திருப்தி வரும். இன்று வரவில்லை. ஒன்பது ஆட்கள் அந்தத் தாளை நம்பிப் படுத்திருக்கிறார்கள் என்று சொன்னால், இவள் புருஷனுக்குச் செய்த ஒரே காரியமும் இவளுக்குப் பாவமாகிவிடும்.

"தப்பில்லம்மா" என்றார். "செய்ய வேண்டியதைத்தான் செஞ்சிருக்க."

எழுந்து ஸ்கூட்டர் பக்கம் போனார். போகிற வழியில்தான் அது அவருக்குப் பட்டது. துப்பு கிடைத்தபோது வரும் துள்ளல் இல்லை அதில். கல் விழுந்தது போலிருந்தது. திரும்பி வந்தார்.

"நஞ்சம்மா, மில்லுல எத்தனை வருஷமா வேலை?"

"ஒம்பது வருஷம் சார். மாவு சலிச்சு மூட்டை கட்டுறது. அவுரு வெளியில கல்லு ஒடைப்பாரு. நாங்க உள்ள."

"நீங்க யாராச்சும் ஊதற பொட்டியில ஊதியிருக்கீங்களா?"

"எங்களை யாரு சார் கூப்பிட்டாங்க?"

"பீடி, சுருட்டு?"

நஞ்சம்மா முனிலட்சுமியைப் பார்த்து, கேள்வியின் கூச்சத்தில் லேசாகச் சிரித்தாள். "பொம்பளைங்க எதுக்கு சார் பீடி குடிக்கிறோம்."

முனிலட்சுமிக்கும் புரிந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். எட்டு வருஷத்தில் அவள் அப்படிக் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"சார், வேணாம்."

"பீடி குடிக்காத ஒரு ஆள்தான் டாக்டருக்குக் கிடைச்சிருந்தது. இங்க ஒன்பது பேர் இருக்காங்க லட்சுமி."

"தெரியுது. எனக்கு மூளை மூணு பாஷையிலயும் வேலை செய்யும். ஆனா ஊதச் சொன்னா அந்தக் கோடு எப்படி வரும்னு உங்களுக்கே தெரியும். அது பேசறதைக் கேட்டீங்கல்ல? புருஷன் மூச்சை ஞாயித்துக்கிழமைதான் ஆத்துல வுட்டுட்டு வந்துக்கீது. செவ்வாக்கிழமை நீங்க போய், 'உன்னுதும் போயிடுச்சும்மா'ன்னு சொல்லப் போறீங்களா?"

"சொல்லாம விட்டா அது இரக்கமா?"

"எனக்குத் தெரியல சார்" என்றாள் முனிலட்சுமி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசி" என்றாள்.

அவர்கள் திரும்பியபோது நஞ்சம்மா பாலத்திலிருந்து இறங்கி நின்றிருந்தாள்.

"எனக்குக் காது நல்லாக் கேக்கும்க்கா" என்றாள். "படுத்தா மூச்சு வரல. தை மாசத்துலேருந்து செவுத்துல சாஞ்சுதான் தூங்கறேன். அவுருக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. வேற யாரும் எனக்குச் சொல்ல வேணாம். அந்தத் தாளு எதுக்கு வேணும்னு மட்டும் சொல்லுங்க சார். நெஜத்தைச் சொல்லுங்க."

அழகர்சாமி சொன்னார். விசாரணையை, வக்கீலை, ஒன்பது ஆட்களை. அவள் அவர்களில் நாலு பேர் பெயரைத் தானே சொன்னாள். கேட்டு முடித்ததும் தலைமுடியை உதறிக் கட்டிக்கொண்டாள். ஒரு சின்ன வெள்ளை மேகம் எழுந்து அடங்கியது.

"சரி வாங்க. இந்த வேஷத்தோட வரலாமா, குளிச்சுட்டு வரணுமா?"

●

டாக்டர் ஜெயமணி முழுக்கதையையும் நின்றபடியே கேட்டார். 'பத்திரமா வெச்சுக்கிறேன்' என்ற இடம் வந்ததும் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"சொன்னது நான்தான்" என்றார். "பயந்துட்டிருந்தார். சும்மா ஆறுதலாச் சொன்னேன்." பிறகு நஞ்சம்மாவைப் பார்த்து, "உங்க புருஷனை ஆறு தடவை பாத்திருக்கேன். சம்சாரம் என்ன வேலை பாக்குறாங்கன்னு ஒரு தடவைகூடக் கேக்கல. மில்லு குடுத்த பதிவேட்டை வெச்சு ஆராய்ச்சி பண்ணேன். அதுல எழுதாத ஆளும் மூச்சு விடுவாங்கன்னு தோணல."

"நாங்கதான் கல்லுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கினு இருந்தோமேம்மா" என்றாள் நஞ்சம்மா, டாக்டருக்குச் சமாதானம் சொல்கிறவளைப் போல.

ராமப்பன் கேட்காமலே சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நஞ்சம்மா இரண்டு மிடறு குடித்துவிட்டு, குழாயை வாயில் வைத்தாள். மூன்று தரம் ஊத வேண்டும், எது அதிகமோ அதுதான் கணக்கு என்று டாக்டர் சொல்லிக்கொடுத்தார்.

முதல் தரம் பாதியில் இருமல் வந்தது. இரண்டாம் தரம் கழுத்து நரம்பெல்லாம் புடைக்க ஊதினாள். பேனா முள் சட்டென்று ஒரு விரல் அகலம் ஏறியது. அதோடு படுத்துவிட்டது. வயல் வரப்பு மாதிரி, அதற்குமேல் ஏறாமல், தாளின் ஓரம்வரைக்கும் ஒரே மட்டமாகப் போயிற்று. அவள் இன்னும் ஊதிக்கொண்டிருந்தாள். முள்ளுக்குக் கொடுக்க உள்ளே ஒன்றும் இல்லை.

"போதும் நஞ்சம்மா. விட்டுடு."

"மூணுன்னு சொன்னீங்களேம்மா" என்று சொல்லி, அவள் மூன்றாம் தரமும் ஊதினாள். இரண்டாவதைவிடக் கம்மியாகத்தான் வந்தது.

இவள் உயரத்துக்கும் வயதுக்கும் இரண்டேகால் லிட்டர் வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் அழகர்சாமியிடம் தணிந்த குரலில் சொன்னார். ஒன்றுதான் வந்திருந்தது.

"வக்கீல் இப்ப அடுப்புப் புகைன்னு சொல்லுவாரே?"

"சொல்லட்டும். அடுப்புப் புகைக்கு எக்ஸ்ரேல கல் தூசி நோய்க்கான புள்ளிங்க விழாது. இன்னிக்கு சாயந்திரமே ஓசூர்ல எடுத்துடலாம். மத்தவங்களையும் கூப்பிட முடிஞ்சா..."

"வந்துட்டாங்க" என்றாள் முனிலட்சுமி ஜன்னலருகிலிருந்து.

உரக்கடைச் சந்தில் ஆறு பெண்கள் நின்றிருந்தார்கள். நஞ்சம்மா வரும் வழியில் சொல்லியனுப்பியதைக் கேட்டு நாலு மைல் நடந்தே வந்திருந்தார்கள். முகம் கழுவியிருந்தார்கள், காதோரத்தில் மட்டும் வெள்ளை பாக்கி. நாளை காலையில் இவர்கள் யாருக்கும் அந்த மில்லில் வேலை இருக்காது. அது தெரிந்துதான் வந்திருந்தார்கள். ராமப்பன் யாரும் சொல்லாமலே ஒரு பாய் கொண்டுபோய் விரித்தார், அடுத்த பானைத் தண்ணீரை ஸ்டவ்வில் ஏற்றினார். அழகர்சாமி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவம் செய்கிறவர்களைக் கண்டுபிடிக்கத் தனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், இந்த மாதிரி ஆட்களைக் கண்டுபிடிக்க யாரும் கொடுப்பதில்லை என்று நினைத்துக்கொண்டார். கடவுள் கணக்கு வைத்திருந்தால் சரி.

டாக்டர் மை அட்டையை நீட்டினார். நஞ்சம்மா கட்டைவிரலை ஒற்றித் தாளில் அழுத்தி வைத்தாள். முழு விரல், கறுப்பாக, தெளிவாக விழுந்தது.

"நாளைக்கு நீ வரணும்னு இல்ல நஞ்சம்மா" என்றார் டாக்டர். "உடம்பை அலட்டிக்கக் கூடாது. இந்தத் தாள் போதும்."

"அந்தத் தாளு யாருது, அப்படி ஒரு ஆளே கெடையாது, எங்க பதிவுல பேரே இல்லன்னு மொதலாளி சொன்னா?"

திம்மப்பன் அதைத்தான் சொல்வார் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

"அதனாலதான் கேக்கறேன். கிருஷ்ணகிரிக்கு எத்தனை மணிக்கு சார் பஸ்ஸு?"

"எட்டேகாலுக்கு ஒண்ணு இருக்கும்மா" என்றார் அழகர்சாமி. "குருபரப்பள்ளி வழியாப் போகும்."

"கூட்டமா வருமா?"

"கொஞ்சம் இருக்கும்."

நஞ்சம்மா விரலில் இருந்த மையை முந்தானையின் உள்பக்கத்தில் துடைத்தாள். முனிலட்சுமியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நீங்க முன்னாடியே ஏறி, எனக்கு ஜன்னலோரமா ஒரு எடம் புடிச்சு வெய்யுங்கக்கா" என்றாள். "காத்து வேணும்."